அழிவதால் ஓடும் கடிகாரம்

(சாத்தூரில் பொதுமக்கள் முன் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



1957-லும் 1962-லும் காமராஜரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பிய ஊர் சாத்தூர். அவர் பெயரைத் தாங்கிய மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் நடந்த ஓர் ஆய்விலிருந்து இன்றைய பேச்சைத் தொடங்குகிறேன். உலகெங்கும் உடல் கடிகாரத்தைப் படிப்பவர்கள் அறிந்த ஆய்வு அது. இங்கிருந்து பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய இடத்தில் நடந்தது. நம் பாடப்புத்தகங்களில் அதற்கு இன்னும் உரிய இடம் கிடைக்கவில்லை என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

அதைத் தொடங்கி நடத்தியவர் எம்.கே. சந்திரசேகரன். கடற்கரை மணலுக்குள் புதைந்து வாழும் சிறு நண்டுகள், ஆய்வுக்கூடத் தொட்டிக்குள் கொண்டுவந்து வைத்த பிறகும் கடலின் ஏற்றவற்றத்தை மறக்காமல் அதே நேரத்துக்குத் துள்ளுகின்றன என்பதைச் சென்னையில் ஆராய்ந்தவர். பிறகு ஜெர்மனியின் டூபிங்கன் நகரில், உயிர்க் கடிகார ஆய்வின் முன்னோடிகளில் ஒருவரான எர்வின் ப்யூன்னிங்கிடம் பணியாற்றினார். எழுபதுகளில் மதுரைக்கு வந்து, விலங்கு நடத்தையியல் துறையில் மாரிமுத்து, சுப்பராஜ் போன்றவர்களைச் சேர்த்துக்கொண்டு வேலையில் இறங்கினார். பெரிய கருவிகள் வாங்கப் பணம் கிடைக்கும் காலம் அல்ல அது. ஆனால் பல்கலைக்கழகத்தை அடுத்த கீழக்குயில்குடியில் குகை இருந்தது, குகைக்குள் இலைமூக்கு வௌவால்கள் இருந்தன.

குகையின் உட்பகுதிக்கு வெளிச்சம் எட்டாது. அங்கே வெப்பமும் ஈரமும் நாள் முழுக்க ஏறக்குறைய ஒரே நிலையில் நிற்கும். வெளியே பொழுது சாய்ந்ததா இல்லையா என்று உள்ளே இருப்பவற்றுக்குத் தெரிய வழியில்லை. ஆனாலும் மாலை மயங்கும்போது கூட்டம் சரியாகக் கிளம்புகிறது. ஆய்வாளர்கள் சில வௌவால்களைக் கூண்டில் அடைத்துக் குகைக்குள்ளேயே, கூட்டத்தின் நடுவே வைத்தார்கள். வெளியே பறக்க முடியாத அந்த வௌவால்களும் கூட்டம் கிளம்பும் நேரத்தில்தான் சுறுசுறுப்பாயின. வேறு வௌவாலே இல்லாத குகையில் தனியாக வைத்தபோதும் அவற்றின் ஓய்வும் இயக்கமும் ஒழுங்காகவே மாறி மாறி வந்தன. ஆனால் நாள் செல்லச் செல்ல வெளியுலக நேரத்திலிருந்து அந்த ஒழுங்கு விலகி நகர்ந்தது. 1981-இல் இதை வெளியிட்டார்கள். கடிகாரம் ஒவ்வொரு வௌவாலின் உடம்புக்குள்ளும் இருக்கிறது, அதைச் சரிசெய்து வைப்பது சுற்றத்தின் ஓசையும் அசைவும் என்று அந்தக் குகை காட்டியது.

அதே வளாகத்தில் மனிதர்களுக்கும் ஒரு தனியறை கட்டினார்கள். ஜன்னல் கிடையாது, கடிகாரம், வானொலி, செய்தித்தாள் எதுவும் கிடையாது. தாமாக முன்வந்தவர்கள் அதற்குள் நாள் கணக்கில் தனியே வாழ்ந்தார்கள். பசித்தபோது சாப்பிட்டு, தூக்கம் வந்தபோது தூங்கினார்கள். அவர்களுடைய நாள் 24 மணிக்கு அடங்காமல் நீண்டு, தூங்கும் வேளை தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்குப் போனது. அப்படித் தங்கிய ஒரு பெண்ணின் தூக்க விழிப்புச் சுழற்சி வெளியுலகத்தை விட்டு விலகிய பிறகும் மாதவிடாய்ச் சுழற்சி அதன் பின்னால் போகவில்லை, தன் கணக்கிலேயே நின்றது. 1991-இல் கரண்ட் சயின்ஸ் இதழில் இதை எழுதினார்கள். நம் உடம்பில் ஒன்றுக்கு மேற்பட்ட காலக் கணக்குகள் ஓடுகின்றன என்பதற்கு மதுரை தந்த சான்று இது. மங்கலான விளக்கொளியில் பிற்காலத்தில் அமெரிக்காவில் கவனமாகச் செய்த அளவீடுகள், மனிதக் கடிகாரத்தின் இயல்பான சுற்று 24 மணிக்குச் சற்றே மேல், ஏறக்குறைய 24.2 மணி என்று 1999-இல் சொல்லின. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

குகையும் தனியறையும் கடிகாரம் இருக்கிறது என்று சொல்லிவிட்டன. அது எதனால் ஆனது? பல்சக்கரமும் இல்லாமல், ஊசலும் இல்லாமல், ஈரமும் சதையுமான ஓர் உடம்பு 24 மணி நேரத்தை எப்படி எண்ணுகிறது?

முதல் துப்பு பழ ஈயிடமிருந்து வந்தது. அழுகிய வாழைப்பழத்தை மொய்க்குமே, அந்தச் சின்ன ஈ. 1971-இல் கலிபோர்னியாவில் ரொனால்ட் கொனோப்கா என்ற மாணவரும் அவருடைய ஆசிரியர் சீமோர் பென்சரும் நாள் கணக்கு பிசகிய மூன்று வகை ஈக்களைப் பிரித்தெடுத்தார்கள். ஒரு வகைக்கு நாள் 19 மணி, இன்னொன்றுக்கு 28 மணி, மூன்றாவதற்கு நாள் என்ற ஒழுங்கே இல்லை. மூன்று பிசகும் ஒரே மரபணுவில் இருந்தன. அதற்குப் பீரியட் என்று பெயர் வைத்தார்கள். அந்த மரபணுவைப் பிரித்தெடுத்து, அது எப்படி வேலை செய்கிறது என்று காட்டியதற்காகத்தான் ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ரோஸ்பாஷ், மைக்கேல் யங் மூவருக்கும் 2017-இல் நோபல் பரிசு கிடைத்தது.

அந்த வேலைமுறையை நம்மைப் போன்ற பாலூட்டிகளை வைத்தே சொல்கிறேன். செல்லின் கருவுக்குள் கிளாக், பீமால்-1 என்ற இரு புரதங்கள் சேர்ந்து உட்கார்ந்து, பீரியட் மரபணுவின் புரதமான 'பெர் புரதத்தை உருவாக்கு' என்று ஆணை கொடுக்கின்றன. ஆணை கருவை விட்டு வெளியே வருகிறது, அங்கே பெர் உருவாகிறது. உருவான பெர், கிரை என்ற இன்னொரு புரதத்தோடு சேர்ந்துகொண்டு கருவுக்குள் திரும்பிப் போகிறது. போய், தன்னை உருவாக்கச் சொன்ன அந்த இரு புரதங்களையுமே தடுத்து நிறுத்துகிறது. ஆணை நின்றால் புதிய பெர் வராது.

பெரும்பாலான விளக்கங்கள் இந்த இடத்தோடு நின்றுவிடுகின்றன. தானே தன்னைத் தடுக்கும் சுழற்சி என்று சொல்லி முடித்துவிடுவார்கள். ஆனால் புதிய பெர் வரவு நின்றுவிட்டது என்றால், ஏற்கெனவே உள்ளே போய் உட்கார்ந்திருக்கும் பெர் என்ன ஆகிறது? அது அப்படியே தங்கிவிட்டால் தடையும் தங்கிவிடும். கடிகாரம் ஒரு மணியைக் காட்டி, அந்த இடத்திலேயே நின்றுபோகும். இது வெறும் யூகம் அல்ல. 1998-இல் யங்கின் ஆய்வுக்கூடம் டபுள்டைம் என்ற மரபணுவைக் கண்டுபிடித்தது. அது பழுதான ஒரு வகை ஈயின் இளம் புழுவில் பெர் அழியாமல் குவிந்து கிடந்தது, ஏறி இறங்கும் ஒழுங்கே இல்லை. ஒருநாள் முடிந்து மறுநாள் பிறக்க வேண்டும் என்றால், நேற்றைய பெர் அழிந்தாக வேண்டும். அதுவும் நினைத்த வேகத்தில் அழிந்தால் போதாது. சட்டென்று அழிந்தால் சுற்று சில மணி நேரத்தில் முடிந்துவிடும், அலை எழாமலே அடங்கியும் போகலாம். மெல்ல, அளவாக, பல மணி நேரம் எடுத்துக்கொண்டு அழிய வேண்டும்.

பட்டாசு வேலை தெரிந்தவர்களுக்கு இதை விளக்க எனக்கு அதிகம் சொற்கள் வேண்டாம். வானில் ஏறி வெடிக்கும் வெடியில், மேலே கிளம்புவதற்கும் வெடிப்பதற்கும் நடுவே இருக்கும் நேரத்தை வைத்திருப்பது உள்ளே இருக்கும் திரி. அதன் நீளமும் எரியும் வேகமும்தான் கணக்கு. திரி எரிந்து தீர்வதுதான் அங்கே நேரம். நம் செல்லுக்குள் பெர் புரதம் அப்படி எரிந்து தீரும் திரி. ஒவ்வொரு நாளும் புதிதாகச் செய்து, ஒவ்வொரு நாளும் தீர்த்துவிடுகிறோம்.

இந்த அழிவைச் செய்வது யார்? புரதம் பழசாகித் தானாகவே உதிர்ந்துபோகிறது என்றுதான் வெகுகாலம் நினைத்தார்கள். 1953-இல் மெல்வின் சிம்ப்சன் என்பவர் கல்லீரல் துண்டுகளை வைத்துச் செய்த சோதனையில் ஒரு விந்தையைக் கண்டார். புரதம் சிதைவதற்கு ஆற்றல் செலவாகிறது. உருவாக்க ஆற்றல் வேண்டும், சரி. உடைப்பதற்கும் ஏன் வேண்டும்? இந்தக் கேள்விக்கு விடை கிடைக்கக் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆனது. எந்தப் புரதம் அழிய வேண்டும் என்று செல் தேர்ந்தெடுக்கிறது, அதன் மேல் யுபிகுட்டின் என்ற 76 அமினோ அமிலங்கள் கொண்ட சின்னப் புரதத்தை வரிசையாகக் கோத்து ஒட்டுகிறது, அப்படி ஒட்டப்பட்டதைப் புரோட்டியசோம் என்ற பெரிய மூலக்கூறு அமைப்பு உள்ளே இழுத்துத் துண்டாக்குகிறது. இதைக் கண்டறிந்த ஆரோன் சீகனோவர், அவ்ரம் ஹெர்ஷ்கோ, இர்வின் ரோஸ் மூவரும் 2004-இல் நோபல் பரிசு பெற்றார்கள். ஆற்றல் செலவாவது இந்தத் தேர்வுக்காகவும் இழுத்துப் பிரிப்பதற்காகவும். கண்டதையெல்லாம் அழிக்காமல், குறித்ததை மட்டும் குறித்த வேளையில் அழிக்க உயிர் கொடுக்கும் விலை அது. இந்தச் செய்தியை முதன்முதலில் படித்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் குறையவில்லை.

பெர் புரதத்துக்கு யுபிகுட்டின் ஒட்டும் வேளையை முடிவு செய்வது கேசின் கைனேஸ்-1 என்ற நொதி. அது பெர் மேல் பாஸ்பேட்டை ஒன்றன்பின் ஒன்றாகப் பதிக்கிறது. குறிப்பிட்ட இடத்தில் பாஸ்பேட் விழுந்ததும், பீட்டா-டிஆர்சிபி என்ற புரதம் வந்து பற்றிக்கொள்கிறது. யுபிகுட்டின் ஏறுகிறது, பெர் போகிறது. ஈயில் நான் சொன்ன டபுள்டைம் இதே குடும்பத்து நொதிதான். கிரை புரதத்துக்கு வேறு ஆள், எஃப்பிஎக்ஸ்எல்-3 என்று பெயர். அதில் பழுதுள்ள இரண்டு எலி வகைகளை 2007-இல் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள், ஒன்று அமெரிக்காவில், மற்றது இங்கிலாந்தில். கிரை அழியத் தாமதமானதால் அவற்றின் நாள் 26, 27 மணி வரை நீண்டது. ஒன்றுக்கு ஓவர்டைம் என்றும் மற்றதற்கு ஆஃப்டர்அவர்ஸ் என்றும் பெயர் வைத்தார்கள்.

இந்த நொதியின் கதையில் ஒரு பழைய வெள்ளெலியும் உண்டு. 1988-இல் மார்ட்டின் ரால்ஃப், மைக்கேல் மெனேகர் இருவரும் ஆய்வுக்கு வந்த வெள்ளெலிகளுக்குள் தற்செயலாக ஒன்றைக் கவனித்தார்கள். அதன் நாள் சுருங்கியிருந்தது. அதன் வாரிசுகளில் இரு பக்கமும் அந்த மரபணுவைப் பெற்றவற்றுக்கு நாள் 20 மணிதான். இரண்டு ஆண்டு கழித்து, அந்த வெள்ளெலியின் மூளையிலிருந்து கடிகாரப் பகுதியை எடுத்து, கடிகாரப் பகுதி அழிக்கப்பட்ட சாதாரண வெள்ளெலிக்கு வைத்தார்கள். அதுவும் 20 மணி நாளுக்கு மாறியது. கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்கு மேலே, சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட அந்தச் சின்னப் புள்ளிதான் உடம்பின் தலைமைக் கடிகாரம் என்பது அதன் பிறகு சந்தேகத்துக்கு இடமில்லாமல் போயிற்று. 2000-இல் பிசகு கேசின் கைனேஸில் இருப்பது தெரிந்தது. நொதி பலவீனமாகிவிட்டது என்றே அப்போது முடிவு கட்டினார்கள். ஆனால் 2006-இல் டேவிட் விர்ஷப் குழுவினரும் கணித வல்லுநர் டேனியல் ஃபோர்ஜரும் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். நொதி பலவீனமானால் பெர் மெல்ல அழியும், நாள் நீள வேண்டும். சுருங்கியிருக்கிறதே? பெர் விஷயத்தில் அந்த நொதி முன்னைவிட வேகமாக வேலை செய்தாக வேண்டும் என்று கணக்கு சொன்னது. சோதித்தபோது அப்படியே இருந்தது. கடிகாரத்தின் வேகம் பெர் அழியும் வேகத்தில் இருக்கிறது என்பதற்கு எனக்குப் பிடித்த சான்று இதுதான். ஏனென்றால் அந்தக் கருத்தை நம்பிப் போட்ட கணக்கு, ஆய்வுக்கூடத்தின் பழைய முடிவையே திருத்தியது.

மனிதரிலும் இது உண்டு. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், மாலை ஏழரை மணிக்கெல்லாம் கண் சொருகி, விடியற்காலை நாலரைக்கு விழித்துவிடும் குடும்பங்கள் இருப்பது 1999-இல் வெளியானது. தலைமுறை தலைமுறையாக அப்படித்தான். லூயி டாசெக், யிங்-ஹுய் ஃபூ குழுவினர் 2001-இல் காரணத்தைக் கண்டார்கள். அந்தக் குடும்பங்களில் ஒன்றில் பெர்-2 என்ற பெர் வகைப் புரதத்தின் 662-ஆம் இடத்தில் இருக்க வேண்டிய செரின் என்ற அமினோ அமிலம் கிளைசினாக மாறியிருந்தது. அந்த இடத்தில் விழும் பாஸ்பேட் பெர் அழியாமல் காக்கிறது. காவல் போனதால் திரி வேகமாக எரிகிறது. ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியதில் ஒரு குடும்பமே ஊர் உறங்கும் முன் உறங்குகிறது! நேரத்தோடு தூங்குபவரை நல்லவர் என்றும், இரவு வெகுநேரம் விழித்திருப்பவரைச் சோம்பேறி என்றும் சொல்லும் பழக்கம் நமக்கு இருக்கிறது. பிள்ளைகளைத் திட்டும்போது இந்த 662-ஆம் இடத்தைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ள வேண்டும் என்று பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இந்தக் கடிகாரம் சூரியனோடு ஒத்துப்போவது எப்படி? ஈயில் இதைத் தெளிவாக்கியவர்களில் முக்கியமானவர் இந்தியாவில் பிறந்து பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் அமிதா சேகல். பெர் புரதத்துக்கு ஈயில் துணையாக இருப்பது டிம் என்ற புரதம். அதன் மரபணுவை 1994-இல் கண்டறிந்த குழுவில் அவர் இருந்தார். வெளிச்சம் பட்டால் டிம் மறைந்துவிடுகிறது என்று 1996-இல் தெரிந்தது. மறையச் செய்வது புரோட்டியசோம் என்று 1999-இல் நிரிஞ்சினி நாயுடுவும் சேகலும் சேர்ந்து வெளியிட்டார்கள். யுபிகுட்டினை ஒட்டக் காரணமான புரதத்தை 2006-இல் சேகல் குழு கண்டு, அதற்கு ஜெட்லாக் என்று பெயரிட்டது. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. முன்னிரவில் வெளிச்சம் பட்டால் டிம் அப்போதுதான் சேர்ந்துகொண்டிருக்கும், அழித்துவிட்டால் மறுபடி சேர வேண்டும், ஆகவே கடிகாரம் பின்னுக்குப் போகிறது. பின்னிரவில் பட்டால் டிம் வேலையை ஏறக்குறைய முடித்திருக்கும், அழித்துவிட்டால் சுற்று சீக்கிரம் முடிகிறது, கடிகாரம் முன்னுக்கு வருகிறது. அழிவு ஒன்றுதான், அது நடக்கும் வேளையைப் பொறுத்துப் பலன் எதிரெதிராகிறது.

நமக்கு வழி வேறு. கண்ணுக்குள் பார்வைக்கென்று இல்லாமல் வெளிச்சத்தின் அளவை மட்டும் மூளைக்குச் சொல்லும் செல்கள் உண்டு. இரவில் வெளிச்சம் பட்டால் அவை கடிகாரப் புள்ளியில் பெர் உற்பத்தியைத் தூண்டுகின்றன. ஈ அழித்து நேரம் திருத்துகிறது, நாம் சேர்த்துத் திருத்துகிறோம். விளைவு மட்டும் இருவருக்கும் ஒன்றே. முன்னிரவு வெளிச்சம் பின்னுக்குத் தள்ளும், விடியல் வெளிச்சம் முன்னுக்கு இழுக்கும். ராத்திரி பதினொரு மணிக்குக் கைபேசியைக் கண்ணருகே வைத்துக்கொண்டிருக்கும் மாணவர்கள் தங்கள் மூளையில் நாளைய விடியலைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

சாத்தூரில் பேசும்போது வெயிலைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. வெப்பம் ஏறினால் வேதிவினை வேகமாகும். பத்து டிகிரி ஏறினால் இரண்டு, மூன்று மடங்காகிற வினைகள் உண்டு. வெயில் ஏறுவதற்கு முன் மருந்து வேலையை முடிக்கச் சொல்வது ஏன் என்று இந்த வட்டாரத்தில் சிறு பிள்ளைக்கும் தெரியும். அப்படியானால் பெர் அழிவதும் ஒரு வேதிவினைதானே? மார்கழிக் குளிரில் 24 மணிக்கு ஓடும் ஈயின் கடிகாரம் சித்திரை வெயிலில் 12 மணிக்கு ஓட வேண்டாமா? ஓடுவதில்லை. இதை 1954-லேயே காலின் பிட்டென்ட்ரிக் காட்டிவிட்டார். காரணம்தான் புதிராகவே இருந்தது. அதற்கு ஒரு விடை 2015-இல் சிங்கப்பூரிலிருந்து வந்தது. நான் சொன்ன அதே விர்ஷப் அங்கே டியூக்-என்யுஎஸ் மருத்துவப் பள்ளிக்கு வந்திருந்தார். பெர் மேல் பாஸ்பேட் விழ இரண்டு இடங்கள் போட்டி போடுகின்றன. ஓரிடத்தில் விழுந்தால் பெர் அழியும், மற்றதில் விழுந்தால் காக்கப்படும். யூட்டா குடும்பத்தில் பழுதானது இந்தக் காக்கும் இடம்தான். வெப்பம் ஏற ஏற நொதி காக்கும் இடத்தின் பக்கம் சாய்கிறது. வினை வேகமாகும் அளவுக்குக் காவலும் கூடுவதால் அழியும் வேகம் ஏறக்குறைய மாறாமல் நிற்கிறது. வெயிலிலும் வினையின் வேகம் மாறாத வெடிமருந்தைச் செய்ய முடிந்தால் இந்த மாவட்டத்தில் எத்தனை உயிர்கள் மிஞ்சியிருக்கும் என்று நினைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

எதிர்ச் சான்றுகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2005-இல் ஜப்பானில் தகாவோ கொண்டோ குழுவினர், நீலப்பச்சைப் பாசியின் மூன்று புரதங்களைச் சோதனைக் குழாயில் ஆற்றல் மூலக்கூறோடு சேர்த்து வைத்தார்கள். புதிதாக எதுவும் உருவாகாமல், எதுவும் அழியாமல், பாஸ்பேட் ஏறுவதும் இறங்குவதுமாக 24 மணிச் சுற்று அந்தக் குழாய்க்குள் ஓடியது. ரொட்டியில் வளரும் ஒரு பூஞ்சைக்கு பெர் போன்ற வேலையைச் செய்யும் புரதம் உண்டு. 2015-இல் லாரண்டோ, டன்லப் முதலானோர் அந்தப் புரதம் அழிவதைத் தடுத்துப் பார்த்தார்கள். ஆனாலும் கடிகாரம் ஓடியது. புரதம் அழிந்து போவதைவிட, பாஸ்பேட் ஏறி அது செயலற்றுப் போவதே முக்கியம் என்று வாதிட்டார்கள். வலுவான வாதம். அப்படியானால் அழிவு வெறும் குப்பை அகற்றும் வேலைதானா? பாலூட்டிகளைப் பொறுத்தவரை நான் அப்படி நினைக்கவில்லை. பெர் ஒழுங்காக அழிய முடியாதபடி செய்த எலிகளின் தூக்கமும் விழிப்பும் நிலைகுலைந்து போவதை 2017-இல் சூகோன் லீயின் ஆய்வுக்கூடம் காட்டியிருக்கிறது. பாசிக்கும் பூஞ்சைக்கும் வேறு வழி இருக்கலாம். நம் வழி அழிவின் வழியாகவே போகிறது என்பது என் துணிபு.

மருந்து ஆய்வாளர்களும் இதில் கை வைத்திருக்கிறார்கள். 2012-இல் அமெரிக்காவில் ஸ்டீவ் கே குழுவினர் கண்டறிந்த கேஎல்-001 என்ற பொருள் கிரை அழியாமல் தடுக்கிறது. அதைக் கொடுத்த செல்களில் நாள் நீண்டது, கல்லீரல் செல்கள் சர்க்கரை உண்டாக்குவதும் குறைந்தது. ஆய்வுக்கூடப் பொருள்தான், மாத்திரையாகவில்லை. ஆனால் கடிகாரப் புரதத்தின் அழிவுக்கும் நீரிழிவுக்கும் கல்லீரலுக்குள்ளேயே தொடர்பு இருக்கிறது என்பதை அது சொல்லிவிட்டது.

இனி நம் வட்டாரத்துக்கு வருகிறேன். இங்கே ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் தீப்பெட்டி ஆபீஸ் பஸ்கள் கிராமங்களுக்கு விடியற்காலை மூன்று மணிக்கும் நான்கு மணிக்கும் வந்து, தூக்கக் கலக்கத்தில் இருந்த குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போயின. கட்டை அடுக்கவும் பெட்டி ஒட்டவும் போன அந்தப் பிள்ளைகள் இருட்டிய பிறகு வீடு திரும்பினார்கள். 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. சிவகாசித் தீப்பெட்டி ஆலைகளைப் பற்றிய எம்.சி. மேத்தா வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கூலியையும் படிப்பையும் நச்சுப் புகையையும் பற்றிப் பேசினோம். தூக்கத்தைப் பற்றி எத்தனை பேர் பேசினோம்? மூன்று மணி என்பது குழந்தையின் உடல் கடிகாரம் இன்னும் இரவிலேயே இருக்கும் வேளை, உடம்பின் வெப்பம் தாழ்ந்து நிற்கும் வேளை. தட்டி எழுப்பினால் கண் திறக்கும், கை வேலை செய்யும். உள்ளே பெர் அழிவது மட்டும் தட்டி எழுப்பியதற்காக வேகமாக நடக்காது. தாயின் அதட்டலுக்கோ மேஸ்திரியின் விசிலுக்கோ பீட்டா-டிஆர்சிபி கட்டுப்படாது. அந்தப் பிள்ளைகளிடமிருந்து எடுக்கப்பட்டவற்றின் கணக்கில் இதையும் சேர்த்து எழுத வேண்டும்.

இன்று குழந்தைகள் பஸ்ஸில் இல்லை. ஆனால் பள்ளிப் பருவத்துப் பிள்ளைகளுக்கு, அதிலும் வளரிளம் வயதில், கடிகாரம் இயல்பாகவே பின்னுக்குப் போகிறது. அவர்களை விடியற்காலை ஐந்து மணித் தனிவகுப்புக்கு அனுப்புகிறோம். இதைப் பற்றித் தலைமையாசிரியர்கள் பேச வேண்டும்.

பெரியவர்களில் பலர் ராஜபாளையம் வரை போய் நூற்பாலைகளில் மூன்று ஷிப்டிலும் வேலை பார்க்கிறீர்கள். உடம்பின் கடிகாரத்தைக் குலைக்கும் இரவுப் பணியைப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடியவற்றின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007-இல் சேர்த்தது, 2019-இல் மறுபடி ஆராய்ந்து உறுதிசெய்தது. ஷிப்டை ஒழித்துவிடுங்கள் என்று இங்கே நின்று சொல்ல நான் வரவில்லை, அடுப்பு எரிவது அதில்தான் என்று தெரியும். ஆனால் ஷிப்டை மாற்றும் முறையில் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது.

ஆரம்பத்தில் சொன்ன 24.2 மணியை நினைவுக்குக் கொண்டு வாருங்கள். மனிதரின் பெர் 24 மணிக்குச் சற்று மெதுவாகவே தீர்கிறது. ஆகவே பலருக்கு நாளைப் பின்னுக்கு நீட்டுவது எளிது, முன்னுக்குச் சுருக்குவது கடினம். 1982-இல் சார்லஸ் ஸெய்ஸ்லரும் உடன் பணியாற்றியவர்களும் யூட்டாவின் ஒரு பொட்டாஷ் ஆலையில் இதைச் சோதித்தார்கள். அங்கே தொழிலாளர்களுக்கு வாரம் ஒருமுறை ஷிப்ட் மாறும், அதுவும் முன்னுக்கு: இரவிலிருந்து மாலைக்கு, மாலையிலிருந்து காலைக்கு. அதைத் திருப்பிப் போட்டார்கள். காலை, அடுத்து மாலை, அடுத்து இரவு என்று பின்னுக்கு நகரும்படி மாற்றி, வாரத்துக்குப் பதில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை என்று சிலருக்கு நீட்டினார்கள். தொழிலாளர்களின் புகார்கள் குறைந்தன, வேலையை விட்டுப் போவது குறைந்தது, ஆலையின் உற்பத்தியும் கூடியது. அதற்கு முதலாளி புதிய எந்திரம் எதுவும் வாங்கவில்லை, அட்டவணையில் வரிசையை மாற்றினார், அவ்வளவுதான். இரவு ஷிப்ட் முடிந்து வீடு போகிறவர் விடிந்த வெயிலில் கண் கூச நடக்காமல் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு போய், அறையை இருட்டாக்கிப் படுத்தால் கடிகாரம் அந்த ஷிப்டோடு ஒத்துப்போக உதவும். இந்த அவையில் சூப்பர்வைசர்களும் சங்கத் தோழர்களும் இருக்கிறீர்கள். உங்கள் ஆலையின் ஷிப்ட் அட்டவணை எந்தப் பக்கம் நகர்கிறது என்று நாளைக்குப் போய்ப் பாருங்கள். முன்னுக்கு நகர்கிறது என்றால், அடுத்த பேச்சுவார்த்தையில் கூலி உயர்வுக் கோரிக்கைக்குக் கீழே இதையும் ஒரு வரியாக எழுதிக்கொடுங்கள்.